இரசாயனப் பேரறிஞர் ஆல்பிரட் வெர்னர்

தென்னையை வைத்தவன் அதன் பயனை உண்டு செல்வான் என்றும், பனையை வைத்தவன் அதனைப் பார்த்து மட்டுமே செல்வான் என்றும் நம் நாட்டு முதியோர் கூறுவர். அறிவுலகத்திலும் இவ்விருவகை உழவரும் உளர். தாம் கண்டது தம் காலத்திலேயே மக்கட்குப் பயன்படுவதைக் கண்டு மகிழ்ந்தோர் ஒரு சாரார். தாம் ஊன்றிய விதை என்ன மரமாகும் என்பதையும் அறியாது மறைந்தோர் மற்றொரு சாரார். இப்பின்னவருள் முதலிடம் பெறத்தக்க ஒருவரின் வாழ்க்கையை நம் கல்லூரி நண்பர்கட்கு ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

இன்று உலகின் பல நாடுகளிலும் புற்றுநோய் மருத்துவத்தில் வழங்கப்பெறும் மருந்துகளுள் சிஸ்பிளாட்டின் என்பது ஒன்று. அணிகலன்களுக்குப் பயன்படும் பிளாட்டினம் என்னும் விலையுயர்ந்த உலோகமே அம்மருந்தின் நடுநாயகம். அதன் உள்ளமைப்பு இன்னதென முதன்முதல் துணிந்து கூறியவர் மருத்துவர் அல்லர். நோயாளியின் கட்டிலருகே நின்று மருந்து கொடுத்தவரும் அல்லர். அவர் சுவிட்சர்லாந்து தேசத்துச் சூரிச் நகரில் வாழ்ந்த இரசாயனப் பேராசிரியர் ஆல்பிரட் வெர்னர் என்பவர்.

பிறப்பும் இளமையும்

பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே, ரைன் ஆற்றின் மேற்கரையில், அல்சாஸ் என்னும் நிலப்பகுதி உளது. அங்குள்ள மூல்ஹவுஸ் நகர் நெசவுக்கும் சாயத்தொழிலுக்கும் பேர் பெற்றது. அந்நகரில் 1866-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் வெர்னர் பிறந்தார். தந்தையார் இரும்பு வார்ப்புச் சாலையில் தொழில் செய்தவர். பெற்றோருக்குப் பிறந்த மக்கள் நால்வருள் வெர்னரே இளையவர். குடும்பம் உழைத்து உண்ணும் குடும்பமே அன்றிச் செல்வக் குடும்பம் அன்று.

குழந்தைப் பருவத்திலேயே அவர் ஊரைப் போர் சூழ்ந்தது. 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் மூண்ட போரின் முடிவில், 1871-இல் அல்சாஸ் ஜெர்மானியப் பேரரசின் கீழ்ச் சென்றது. அரசாங்கத்தின் மொழி ஜெர்மன் ஆயிற்று; வெர்னரின் வீட்டிலோ பிரெஞ்சு மொழியே தொடர்ந்து வழங்கிற்று. ஒரு மொழியில் பேசி வளர்ந்து மற்றொரு மொழியில் நூல் எழுதும் வாழ்வு இங்ஙனம் அவர்க்கு வாய்த்தது. பிற்காலத்தே தம் ஆராய்ச்சிகளுட் பெரும்பாலானவற்றை அவர் ஜெர்மன் மொழியிலேயே வெளியிட்டார்.

தொழிற்பள்ளியில் பயிலும்போதே இரசாயனத்தின்மீது வெர்னருக்கு அடங்காத வேட்கை பிறந்தது. வீட்டின் பின்புறத்துக் கொட்டிலையே தம் ஆராய்ச்சிச்சாலை ஆக்கிக்கொண்டு, கையில் கிடைத்த பொருள்களைக் கலந்தும் காய்ச்சியும் பார்த்தார். 18-ஆம் வயதில் தாமே ஒரு கட்டுரை எழுதி, அந்நகர் இரசாயனப் பள்ளியின் தலைவரிடம் காட்டும் துணிவும் அவர்க்கு இருந்தது. அக்கட்டுரையிற் பிழைகள் இருந்தன; ஆயினும் பிழைகளினூடே ஒரு தனித்த சிந்தனை ஒளிர்ந்தது. 1885-இல் இராணுவப் பணியின் பொருட்டுக் கார்ல்ஸ்ரூ நகர் சென்றவர், ஓய்வு நேரத்தை வீணே கழியாது, அங்கிருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் இரசாயன விரிவுரைகளைக் கேட்டு வந்தார்.

கல்வி

1886-இல் வெர்னர் சூரிச் நகர் சேர்ந்து அங்குள்ள தொழில்நுட்பப் பெருங்கல்லூரியிற் பயிலத் தொடங்கினார். இரசாயனத்தில் ஆசிரியர் மெச்சும் மாணவராய் விளங்கிய அவர்க்குக் கணிதப் பாடங்கள் எளிதில் வசப்படவில்லை. கன உருவங்களைத் தாளில் வரைந்து காட்டும் வடிவ கணிதத்தில் அவர் பெரிதும் இடர்ப்பட்டார் என்பர். தாளில் உருவம் வரையத் தடுமாறிய இவரே, பிற்காலத்தில் எவர் கண்ணுக்கும் புலனாகாத அணுக்களின் உருவ அமைப்பை உள்ளக்கண்ணால் கண்டுரைத்தார். தேர்வுத்தாளில் ஒரு பாடத்தில் தோன்றும் குறைவைக் கொண்டே ஒருவரது ஆற்றலை அளந்துவிடுதல் தகாது என்பதற்கு இஃதொரு சான்றாம்.

1889-இல் பட்டயமும், 1890-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். ஆர்தர் ஹான்ட்ஷ் என்பார் அவர்க்கு ஆசானாய் அமைந்தார். நைட்ரஜன் அணுவைச் சுற்றியுள்ள பிற அணுக்கள் வெளியில் எவ்வாறு நிலைபெறுகின்றன என்பதே டாக்டர் பட்டத்திற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள். அணுக்களின் எண்ணிக்கையை அறிந்தால் மட்டும் போதாது, அவை நிற்கும் இடத்தையும் அறிதல் வேண்டும் என்னும் கருத்து அப்பொழுதே அவருள்ளத்தில் வேரூன்றிவிட்டது. பின்னர்ச் சிறிது காலம் பாரிஸ் நகரிற் பெர்த்தலோ என்னும் பேரறிஞரிடம் பயின்று, 1892-இல் சூரிச்சுக்கே மீண்டார்.

ஒரு நள்ளிரவு

அக்காலத்து இரசாயன நூலாரை மயக்கிய புதிர் ஒன்று இருந்தது. ஒவ்வோர் அணுவுக்கும் பிற அணுக்களைப் பற்றிக்கொள்ள இத்தனை கைகள் உண்டு என அவர்கள் கணக்கிட்டிருந்தனர். கோபால்ட்டு அணுவுக்கு மூன்று கைகள். குளோரினுக்கு ஒரு கை. எனவே கோபால்ட்டு ஒன்று குளோரின் மூன்றைப் பற்றிக்கொண்டால் கைகள் அனைத்தும் நிறைந்துவிடும். அமோனியாவும் அவ்வாறே தன்னளவில் நிறைவுற்ற பொருள். கை ஒழியாத இவ்விரண்டும் ஒன்றோடொன்று சேர்தற்கு இடமேயில்லை. ஆனாற் சேர்ந்தன! ஒரு பங்கு கோபால்ட்டுக் குளோரைடு ஆறு பங்கு அமோனியாவுடனும், ஐந்து பங்குடனும், நான்கு பங்குடனும் சேர்ந்து, செம்மஞ்சளும் ஊதாவும் பச்சையுமாகிய அழகிய உப்புக்களைத் தந்தது. இவை எங்ஙனம் பிணைந்தன? அமோனியா மணிகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சங்கிலிபோற் கோக்கப்பட்டுள்ளன என்று சுவீடன் தேசத்துப் புலோம்ஸ்ட்ரான்டு என்பார் கூறினார். டென்மார்க்கு தேசத்து யோர்கன்சன் என்னும் பேராசிரியர் அக்கொள்கையைப் பல சோதனைகளால் விரித்து வளர்த்தார்.

வெர்னருக்கு அப்பொழுது வயது 26. அப்புதிர் அவரை உறங்கும்போதும் விட்டகலவில்லை போலும். ஓரிரவு இரண்டு மணிக்கு விழித்தெழுந்தபோது விடை அவர் உள்ளத்தில் மின்னலெனப் பளிச்சிட்டதென்றும், உடனே எழுதத் தொடங்கியவர் மறுநாள் மாலை ஐந்து மணிக்கே எழுதுகோலைக் கீழே வைத்தாரென்றும் கூறுவர். அக்கட்டுரை 1893-இல் வெளிவந்தது.

அவர் கூறிய விடை யாது? அரசன் ஒருவனை மெய்காவலர் நெருங்கிச் சூழ்ந்து நிற்கின்றனர். அவர்க்குப் புறத்தே படைவீரர் நிற்கின்றனர். மெய்காவலர் அரசனை விட்டு எளிதில் நீங்கார். புறத்து நிற்போர் அழைத்தால் பிரிந்து வருவர். அதுபோல, உலோக அணு நடுவே நிற்க, அதனை நெருங்கிய உள்வட்டத்தில் இத்தனை பொருள்கள் சூழும் என்னும் வரையறை உண்டு. கோபால்ட்டுக்கு அவ்வெண் ஆறு. பிளாட்டினத்திற்குப் பெரும்பாலும் நான்கு. உள்வட்டத்துக் குளோரின் இறுகப் பிணைந்தது. புறத்து நிற்கும் குளோரின் நீரிற் பிரிந்து வருவது. இதனைச் சோதித்தலும் எளிது. வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைச் சேர்த்தால், புறத்துக் குளோரின் மட்டும் வெண்மையாய்ப் படியும். ஆறு அமோனியா உடைய செம்மஞ்சள் உப்பிற் குளோரின் மூன்றும் படிந்தன. ஐந்து உடையதில் இரண்டு படிந்தன. நான்கு உடையதில் ஒன்றே படிந்தது. எஞ்சிய குளோரின் உள்வட்டத்துக் காவலர் ஆயின என்க. மியோலாட்டி என்னும் இத்தாலிய நண்பருடன் சேர்ந்து அக்கரைசல்களின் மின்கடத்தும் ஆற்றலை வெர்னர் அளந்தபோதும் அதே கணக்கு வந்தது.

மஞ்சள் உப்பின் மறைபொருள்

இனி, நாம் எடுத்துக்கொண்ட மருந்திற்கு வருவோம். 1844-ஆம் ஆண்டளவில் மிக்கேலே பெயரோன் என்னும் இத்தாலிய அறிஞர் பிளாட்டினத்திலிருந்து ஒரு மஞ்சள் உப்பைச் செய்திருந்தார். அதற்குப் பெயரோனின் உப்பு என்றே பெயர் வழங்கிற்று. பிளாட்டினம் ஒன்று, அமோனியா இரண்டு, குளோரின் இரண்டு என்பன அதன் உறுப்புக்கள். அதே உறுப்புக்களை அதே அளவிற் கொண்டும், குணத்தால் வேறுபட்ட மற்றோர் உப்பும் அக்காலத்தார்க்குத் தெரிந்திருந்தது. உறுப்பு ஒன்றாயிருக்கக் குணம் வேறாவது எங்ஙனம்?

தமிழ் பயில்வார்க்கு இஃது அரிய புதிர் அன்று. மலர்த்தேன் என்பதும் தேன்மலர் என்பதும் அவ்விரு சொற்களாலேயே ஆனவை. ஆயினும் முன்னது தேனைக் குறிக்கும். பின்னது மலரைக் குறிக்கும். நிற்கும் இடம் மாறினாற் பொருளும் மாறும். வெர்னரும் இதனையே கூறினார். பிளாட்டினத்தைச் சூழ்ந்த நான்கும் ஒரு முக்கோணக் கோபுரத்தின் நான்கு மூலைகளில் நிற்குமாயின், எவ்வாறு மாற்றி வைப்பினும் ஓர் அமைப்பே உண்டாகும். ஆனால் கண்கூடாக இரண்டு உப்புக்கள் உள்ளன. ஆதலால் அந்நான்கும் ஒரே தளத்தில் சதுரத்தின் நான்கு மூலைகளில் நிற்றல் வேண்டும். சதுரத்திற் குளோரின் இரண்டும் அடுத்தடுத்த மூலைகளில் நிற்கலாம். அன்றி எதிரெதிர் மூலைகளில் நிற்கலாம். முன்னதே பெயரோனின் உப்பு. இலத்தீன் மொழியில் சிஸ் என்பது இப்பால் என்றும், டிரான்ஸ் என்பது அப்பால் என்றும் பொருள்படும். குளோரின் இரண்டும் ஒரு பாலே நிற்றலின், பெயரோனின் உப்புப் பிற்காலத்தே சிஸ்பிளாட்டின் எனப் பெயர் பெற்றது.

இவ்வளவையும் அவர் அணுவைக் கண்ணாற் காணாமலே, அறிந்த உப்புக்களை எண்ணியும் ஒப்பிட்டும் உய்த்துணர்ந்தார் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

எதிர்ப்பும் உழைப்பும்

1893-இலேயே சூரிச் பல்கலைக்கழகம் வெர்னரைப் பேராசிரியராக அழைத்தது. 1894-இல் அவர் சுவிட்சர்லாந்தின் குடிமகனானார். அவ்வாண்டிலேயே எம்மா கீஸ்கர் என்னும் மங்கையை மணந்து, பின்னர் மகன் ஒருவனையும் மகள் ஒருத்தியையும் பெற்றார். 1895-இல் முழுப் பேராசிரியர் பதவி வாய்த்தது.

பதவி வந்ததேயன்றி அவர் கொள்கையை உலகம் எளிதில் ஏற்கவில்லை. சோதனைகளின் துணை போதாது கட்டப்பட்ட கற்பனை மாளிகை எனப் பலர் அதனை எள்ளினர். யோர்கன்சனோ வெர்னரினும் 29 ஆண்டு மூத்தவர். சோதனைத் திறத்தில் நிகரற்றவர். அவர் எழுப்பிய தடை கூரியது. கோபால்ட்டைச் சூழ்ந்த ஆறும் எண்முக வடிவின் ஆறு மூலைகளில் நிற்குமாயின், நான்கு அமோனியாவும் இரண்டு குளோரினும் உடைய பச்சை உப்புக்கு உடன்பிறந்த ஊதா உப்பு ஒன்றும் இருந்தாக வேண்டும்; அஃது எங்கே என்று அவர் வினவினார். வினா நேர்மையானது. விடை வெர்னரிடம் இல்லை.

அவர் சினந்திலர், சோர்ந்திலர். பல்கலைக்கழகத்தின் பழைய ஆராய்ச்சிச்சாலை நிலவறை போன்றது. பகலிலும் விளக்கின்றிப் பணி செய்ய இயலாதது. மாணவர் அதனைப் பண்டை ரோமரின் நிலவறைக் கல்லறைகட்கு ஒப்பிட்டுப் பெயரிட்டு நகைத்தனர். அவ்விருளறையிலேதான் வெர்னரும் அவர் மாணவரும் ஆண்டாண்டாய் உப்புக்களைச் செய்து குவித்தனர். பல நாட்டினின்றும் மாணவர் அவரை நாடி வந்தனர். பெண்களும் பலர் வந்தனர். இங்கிலாந்திலிருந்து சென்ற எடித் ஹம்பிரி என்னும் பெண்மணி 1901-இல் அவரிடம் டாக்டர் பட்டம் பெற்றார். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் நன்கு திறவாத காலம் அஃது என்பதை எண்ணினால் இச்செய்தியின் அருமை விளங்கும்.

1907-இல் ஊதா உப்பு கிடைத்தது. கொள்கையை வெளியிட்டு 14 ஆண்டுகள் கழிந்திருந்தன. யோர்கன்சன் அதன்பின் தம் எதிர்ப்பைக் கைவிட்டார். தோல்வியை ஒப்புக்கொண்ட அப்பெரியாரின் நேர்மையும் போற்றத்தக்கதே. அவர் செய்து வைத்த உப்புக்களும் அளவுகளும் இல்லையேல் வெர்னரின் கொள்கைக்கு அடிப்படையே இராது. வலிய எதிரி ஒருவர் வாய்த்தலும் அறிஞர்க்கு ஒரு பேறு போலும்!

வெர்னர் அத்துடன் நின்றிலர். இடக்கையும் வலக்கையும் ஒன்றையொன்று ஒக்கும். எனினும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தா. எண்முக அமைப்பு மெய்யாயின், சில கோபால்ட்டு உப்புக்களும் அவ்வாறு இடமும் வலமுமாய்ப் பிரிதல் வேண்டும். 1911-இல் விக்டர் கிங் என்னும் அமெரிக்க மாணவருடன் அவர் அதனைச் செய்து காட்டினார். அவ்வுப்பிற் கரியணு கலந்திருத்தலின் அப்பண்பு கரியினாலாயது என்று சிலர் ஐயுற்றனர். 1914-இற் கரியணு ஒன்றேனும் இல்லாத உப்பையும் இடம் வலமாகப் பிரித்து அவ்வையத்தையும் அவர் நீக்கினார்.

புகழும் மறைவும்

1913-இல் இரசாயனத்திற்கான நோபல் பரிசு வெர்னருக்கு வழங்கப்பெற்றது. இரசாயனத்திற்கு அப்பரிசைப் பெற்ற முதற் சுவிட்சர்லாந்தினர் அவரே. அப்பொழுது அவர்க்கு வயது 46. புகழின் உச்சியில் நின்ற அவரை நோய் பற்றியது. இரத்தக் குழாய்கள் தடித்து இறுகும் கொடுநோயால் உடலும் நினைவாற்றலும் படிப்படியாகக் குன்றின. விரிவுரை நிகழ்த்துதலே அரிதாயிற்று. 1919 அக்டோபரிற் பதவியைத் துறந்தார்; அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் உயிர் நீத்தார். அகவை 53 நிரம்ப ஒரு திங்களுக்கும் குறைவான நாள்களே எஞ்சியிருந்தன.

அவர் மறைந்த நாளில், பெயரோனின் மஞ்சள் உப்பு நூல்களில் ஓர் எடுத்துக்காட்டாகவும் கண்ணாடிக் குப்பிகளில் ஒரு மாதிரிப் பொருளாகவுமே இருந்தது. அதனால் ஓருயிரேனும் பிழைக்கும் என்று அவரோ பிறரோ கருதவில்லை.

விதை முளைத்த வரலாறு

45 ஆண்டுகள் சென்றன. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்னும் பௌதிக அறிஞர், உயிரணுக்கள் இரண்டாய்ப் பிரிதலை மின்சாரம் எவ்வாறு தாக்குகின்றது எனக் காண விரும்பினார். நுண்ணுயிர்கள் வளரும் நீரிற் பிளாட்டினத் தகடுகளை வைத்து மின்சாரத்தைச் செலுத்தினார். நுண்ணுயிர்கள் பிரிதலை நிறுத்திவிட்டன. ஆயினும் வளர்தலை நிறுத்தவில்லை. இயல்பான நீளத்தின் முந்நூறு மடங்கு வரை நூலிழைபோல் நீண்டன! இது மின்சாரத்தின் செயல் என்றே எவரும் நினைப்பர். ரோசன்பர்க்கும் அவர் துணைவரும் பொறுமையோடு ஆராய்ந்து, தகடுகளிலிருந்து சிறிதளவு பிளாட்டினம் கரைந்து, நீரிலிருந்த அமோனியாவுடனும் குளோரினுடனும் சேர்ந்ததே காரணமெனக் கண்டனர். இச்செய்தி 1965-இல் வெளிவந்தது.

பிளாட்டினச் சேர்க்கைகள் பலவற்றைச் செய்து சோதித்தபோது வெர்னரின் சதுரம் மீண்டும் முன்வந்து நின்றது. குளோரின் இரண்டும் அடுத்தடுத்து நின்றவை உயிரணுப் பிரிவைத் தடுத்தன. எதிரெதிர் நின்றவை அவ்வாறு தடுத்தில. கட்டுக்கடங்காது பிரிந்து பெருகும் உயிரணுக்களே புற்றுநோயாதலின், அப்பெருக்கத்தையும் இது தடுக்குமோ என்னும் எண்ணம் பிறந்தது. எலிகளின் கட்டிகள் இம்மருந்தினாற் கரைந்தமை 1969-இல் வெளியிடப்பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் நோயாளிகட்குக் கொடுத்துச் சோதித்தனர். 1978 டிசம்பரில் அமெரிக்க அரசாங்கம் சிஸ்பிளாட்டினுக்கு ஒப்புதல் அளித்தது.

அடுத்தடுத்து நிற்றலில் அப்படி என்ன சிறப்பு? இரத்தத்திற் குளோரைடு மிகுதி; ஆதலால் அங்கே மருந்து தன் குளோரினை இழவாது செல்லும். உயிரணுவின் உள்ளே குளோரைடு குறைவு. அங்குச் சென்றதும் குளோரின் நீங்கி அவ்விடத்தை நீர் கொள்ளும். பின்னர்ப் பிளாட்டினம் டி.என்.ஏ. என்னும் மரபு இழையைப் பற்றும். காலியான இரு மூலைகளும் பக்கத்திற் பக்கமாய் இருத்தலின், இழையின் அடுத்தடுத்த இரு கண்ணிகளை ஒருசேரக் கவ்வி அதனை வளைத்துவிடும். வளைந்த இழையை உயிரணு படியெடுக்க இயலாது. அதனைச் செப்பம் செய்யவும் மாட்டாது மாளும். எதிரெதிர் மூலைகளை உடைய உப்போ அவ்வாறு அடுத்த கண்ணிகளைக் கவ்வ வல்லதன்று.

மருந்தும் நஞ்சும்

இம்மருந்தின் வெற்றி விரை எனப்படும் ஆண் உறுப்பிற் தோன்றும் புற்றுநோயில் மிகத் தெளிவாய்ப் புலப்பட்டது. இந்நோய் பெரும்பாலும் இளைஞரையே பற்றுவது. உடலிற் பரவியபின் அவர்களுட் பெரும்பாலோர் முன்னாளில் மாண்டனர். 1974-இல் இந்தியானாப் பல்கலைக்கழகத்து மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்பார் சிஸ்பிளாட்டினை வேறு இரு மருந்துகளுடன் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. பரவிய நோயினின்றும் பெரும்பாலோர் முற்றும் குணமடையலாயினர். மற்றும் சூலகம், நீர்ப்பை, நுரையீரல், தலை, கழுத்து ஆகிய இடங்களிற் தோன்றும் புற்றுநோய்கட்கும் இது பயன்படுகின்றது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர் மருத்துவத்துடன் இதனைச் சேர்த்துக் கொடுத்தல் 1999 முதல் வழக்கிற்கு வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் இஃது இடம் பெற்றுள்ளது.

ஆயினும் ஒரு பக்கத்தை மட்டும் கூறி மறுபக்கத்தை மறைத்தல் வாய்மையாகாது. பிரியும் உயிரணுவைக் கொல்லும் மருந்து, நோயணு இது, நல்லணு இது எனப் பகுத்தறிய வல்லதன்று. தொடக்கத்தில் இம்மருந்து சிறுநீரகங்களை மிகவும் கெடுத்தமையால் இதனைக் கைவிட்டுவிடுதலே நலம் எனக் கருதியோரும் இருந்தனர். அதனைக் காத்தது தண்ணீரே. மருந்துக்கு முன்னும் பின்னும் உப்புநீரை நரம்பின் வழியே மிகுதியாய்ச் செலுத்திச் சிறுநீரைப் பெருக்கினாற் கேடு பெரிதும் குறையும் என்பதை 1970-களிற் கண்டனர். கடுமையான குமட்டலும் வாந்தியும் அடுத்த இடர். முற்காலத்து நோயாளர் சிலர் இதனைப் பொறாது மருத்துவத்தையே நிறுத்தினர். இன்று வாந்தியை அடக்கும் சிறந்த மருந்துகள் முன்னதாகவே கொடுக்கப்பெறுகின்றன. காதில் இரைச்சலும் கேள்விக்குறைவும் உண்டாகலாம். குழந்தைகள்பால் இஃது அதிகம். உடலிற் பரவாத கட்டிகளை உடைய குழந்தைகளின் செவியைக் காக்கச் சோடியம் தயோசல்பேட்டு என்னும் மருந்துக்கு 2022-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. கைகால் மரத்துப்போதல், இரத்த அணுக்கள் குறைதல், மக்னீசியம் முதலிய உப்புக்கள் குறைதல் என்பனவும் நேரலாம். கருவுற்ற பெண்டிர்க்கு இதனாற் கருவிற்குக் கேடு உண்டு. மக்கட்பேற்றுக்கும் ஊறு நேரலாமாதலின் அதுபற்றி மருத்துவரோடு முன்னரே கலந்து பேசுதல் வேண்டும்.

இவ்விடர்களைக் குறைக்கும் பொருட்டே இதன் தம்பிமார் இருவர் தோன்றினர். கார்போபிளாட்டின் இங்கிலாந்தில் ஆராய்ந்து காணப்பெற்று 1986-இல் அங்கும் 1989-இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. அது சிறுநீரகத்தையும் செவியையும் அவ்வளவாக வருத்தாது. இரத்தத்தின் உறைவுத் தட்டுக்களையே பெரிதும் குறைக்கும். ஆக்சாலிபிளாட்டின் ஜப்பானிற் தோன்றியது; பெருங்குடற் புற்றுநோய்க்குச் சிறந்தது. குளிர்ந்த பொருளைத் தொடினும் பருகினும் கையிலும் தொண்டையிலும் கூச்சம் எழுதல் அதன் தனிக் குணம். மூவர்க்கும் பெயர் ஒத்திருப்பினும் அளவு ஒவ்வாது. ஒன்றன் அளவில் மற்றொன்றைக் கொடுத்துவிடின் உயிர்க்கே தீங்காம். ஆதலால் மருந்தின் பெயரையும் அளவையும் ஒருவர்க்கு இருவர் சரிபார்த்தல் முறையாய் உள்ளது. பிளாட்டினம் அலுமினியத்தோடு கூடிக் கெடுமாதலின் அலுமினியம் கலந்த ஊசியும் இதற்கு ஆகாது.

மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து மருந்தை அளிப்போன் என நான்கு உறுப்பினை உடையதென வள்ளுவர் வகுத்தார். சிஸ்பிளாட்டினுக்கு இவ்வகுப்பு எத்துணைப் பொருத்தமானது! மருத்துவர் அளவு காண்கின்றார். செவிலியர் செலுத்தும் நீரையும் வெளியாகும் சிறுநீரையும் அளக்கின்றார். நோயாளி காதில் இரைச்சலோ கையில் மரப்போ தோன்றிய உடனே மறையாது கூறுகின்றார். இந்நால்வருள் ஒருவர் தவறினும் மருந்து நஞ்சாகும்.

முடிவுரை

வெர்னர் சிஸ்பிளாட்டின் என்னும் பெயரைக் கேட்டதில்லை. அவர் அறிய விரும்பியது ஒன்றே: இவ்வணுக்கள் எங்கே நிற்கின்றன? இவ்வினாவினால் யாது பயன் என்று அந்நாளில் எவரேனும் அவரைக் கேட்டிருப்பின், புற்றுநோய்க்கு மருந்தாம் என அவர் விடையிறுத்திருக்க இயலாது. மெய்யை அறிதலே பயன் என்றல்லது வேறு கூறுதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. ரோசன்பர்க்கின் குடுவையில் நுண்ணுயிர்கள் நூலாய் நீண்டபோது, அதன் காரணத்தைத் தேடியவர்க்கு அவர் வரைந்த சதுரம் ஆயத்தமாய் இருந்தது. அது இல்லையேல், ஒரே உறுப்புக்களை உடைய இரண்டு உப்புக்களுள் ஒன்று காப்பதும் மற்றொன்று வாளாயிருப்பதும் ஏனென விளங்காது திகைத்திருப்பர்.

இலக்கணமும் சுவடியும் பயிலும் நம்மனோரையும், பயன் வெளிப்படாத பிற துறைகளைப் பயிலும் நண்பரையும், இக்கல்வியால் யாது பயன் எனக் கேட்போர் பலர். உடனே விடை கூற இயலாமை கருதி நாம் நாணுதல் வேண்டா. ஆனால் அவ்விடையின்மையைச் சோம்பலுக்குப் போர்வையாக்கிக் கொள்ளலும் ஆகாது. வெர்னர் விதையை ஊன்றியதோடு அமையவில்லை. எதிரி கேட்ட ஓர் உப்பைக் காட்டுதற்கு இருளறையில் 14 ஆண்டு உழைத்தார். நெடுங்காலம் கழித்து வந்தோர் ஐயமின்றி எடுத்தாளும் அளவிற்கு அவர் செய்தது செப்பமாய் இருந்தது. பயன் எப்பொழுது வரும் என்பது நம் கையில் இல்லை. வரும் நாளில் நம் பணி பிழையற்றதாய் இருத்தல் நம் கையில் உள்ளது.